வீடு பார்த்தோம், வீட்டைப் பார்த்தோம்

கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளில் ஆசிரியரின் சிவப்புப் பேனா அடிக்கடி சுழிக்கும் இடம் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் எ, ஆன், தி (a, an, the). வீட்டில் பேசும் தமிழிலும் சரி, வகுப்பில் பேசும் மலாயிலும் சரி, இந்தச் சொற்களுக்குக் கட்டாயம் கிடையாது. மலாயில் தேவையென்றால் 'ரூமா ஈத்து' (அந்த வீடு) என்று பெயருக்குப் பின்னால் 'அந்த'வைச் சேர்ப்பார்கள். இல்லையென்றால் வெறும் 'ரூமா' போதும்.

ஆனால் இந்த ஆங்கிலச் சொற்கள் செய்யும் வேலை நமக்குப் பழக்கமானதுதான். கோலாலம்பூரின் செந்தூலில் வாடகை வீடு தேடுகிறவர் "நேற்று வீடு பார்த்தோம்" என்றால் ஏதோ ஒரு வீடு. ஆங்கிலத்தில் அது 'எ ஹவுஸ்'. "வீட்டைப் பார்த்தோம்" என்றால் முன்பே பேச்சில் வந்த வீடு, 'தி ஹவுஸ்'. எந்த வீடு என்று கேட்பவருக்குத் தெரியுமா என்பதை ஓர் ஐ உருபு சொல்லிவிடுகிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இலக்கணத்தை இங்கிருந்து தொடங்கிச் சொல்லித் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே சிக்கல், ஐ செயப்படுபொருளில் மட்டும்தான் வரும். "வீடு பெரியது" என்னும்போது சூழலை வைத்தே புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் அங்கேயும் 'தி' கேட்கும்.

எ, ஆன் இன்னும் எளிது. பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்ற எண்ணுப்பெயரே தேய்ந்து 'ஆன்' ஆனது. மெய்யொலிக்கு முன் அதன் 'ன்' உதிர்ந்து 'எ' மட்டும் நின்றது. ஓர் ஊர், ஒரு வீடு என்று எழுதும் நமக்கு இது புதிதா என்ன? எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்டால் போதும். எல்.ஆர்.டி. என்ற நகர ரயிலின் ஸ்டேஷனும் எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வும் உயிரொலியில் தொடங்குவதால் 'ஆன்'. யூ.எம். எனப்படும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மாணவருக்கு 'எ', ஏனென்றால் காதில் விழுவது யகரம்.

சரி, எதுவுமே போடக்கூடாத இடங்கள்? படிக்கப் போகும் பிள்ளை 'கோஸ் டு ஸ்கூல்'. ரிப்போர்ட் கார்டு வாங்கப் போகும் அம்மா 'கோஸ் டு தி ஸ்கூல்'. முதலாவதில் பள்ளி என்பது கட்டடமே அல்ல, படிப்பு என்ற செயல். 'பை பஸ்' என்பதிலும் எந்த பஸ் என்ற கேள்வி எழாது. நோயாளி 'இன் ஹாஸ்பிட்டல்', அவரைப் பார்க்கப் போனவர் 'அட் தி ஹாஸ்பிட்டல்'. இது மலேசியப் பள்ளிகள் பின்பற்றும் பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்கர்கள் நோயாளிக்கும் 'தி' போடுவார்கள்.