ஷட்டரைத் தூக்குவதா, தூர் எடுப்பதா?

மேட்டூரில் தண்ணீர் திறந்து பல நாளாகியும் கடைமடைக்கு வரவில்லை என்றால் எங்கள் பக்கம் இரண்டு பேச்சு எழும். மேலே ஷட்டரை இன்னும் தூக்கச் சொல்லு என்பார்கள் சிலர். வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் மண்ணும் அடைத்துக் கிடக்கிறதே, முதலில் அதை எடு என்பார்கள் மற்றவர்கள். அடைப்பை அப்படியே விட்டுவிட்டு ஷட்டரைத் தூக்கினால் மட்டம் ஏறும்தான், ஆனால் கரை மேல் அழுத்தமும் சேர்ந்து ஏறும், எங்கே கரை இளகியிருக்கிறதோ அங்கே உடைத்துக்கொண்டு போய்விடும்.

ஒரு கம்பெனிக்குள் மனிதர்கள் நடந்துகொள்வதும் ஏறக்குறைய இப்படித்தான். இதை அறிவியலாக எழுதி வைத்தவர் குர்ட் லெவின் என்ற உளவியலாளர், 1933-ல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போனவர். அவரும் ஆற்றைத்தான் உவமை சொன்னார். ஆற்றின் மட்டம் நேற்றும் இன்றும் ஒன்றாக இருப்பதால் தண்ணீர் நிற்கிறது என்று ஆகிவிடாது. ஒரு ஆலையில் தினமும் ஒரே அளவு வேலை நடக்கிறது என்றால் அங்கே முன்னே தள்ளும் விசைகளும் பின்னே இழுக்கும் விசைகளும் சமபலத்தில் முட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து வரும் விசை நம் கண்ணுக்கு எளிதில் தெரியும். அறுப்பு நேரத்தில் மழை பிடித்தால் நெல் ஈரமாக வருகிறது, கொள்முதல் நிலையத்திலோ ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அரைவை ஆலைக்காரருக்கோ கரண்டு பில், டிரையர் செலவு, அரிசி விலை என்று ஆயிரம் கவலை. ஆனால் அதே மழை, அதே விலை, ஒரே சாலையில் இரண்டு ஆலை, ஒன்றில் ராத்திரி பகலாக வேலை ஓடுகிறது, இன்னொன்றில் லோடு இறக்காத லாரி காலை வரை நிற்கிறது. இந்த வித்தியாசம் உள்ளே இருக்கும் விசையால் வருவது.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலை. அங்கே நடந்ததை லெஸ்டர் காக், ஜான் பிரெஞ்ச் இருவரும் 1948-ல் வெளியிட்டார்கள். இஸ்திரி போடும் குழுவில் ஒரு பெண் மற்றவர்களைவிட வேகமாக வேலை செய்ய ஆரம்பித்தாள். குழு அவளைக் குத்திக் காட்டியது, படுத்தி எடுத்தது, அவளும் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். அப்புறம் வேறு காரணத்துக்காகக் குழு கலைக்கப்பட்டு அவள் மட்டும் தனியாக நின்றபோது, மணிக்கு 45 உருப்படி அளவில் இருந்த அவளுடைய உற்பத்தி நான்கே நாளில் 90-ஐத் தாண்டியது. அவள் கையில் திறமை எப்போதும் இருந்தது, பிடித்து வைத்திருந்தது குழுதான்.

இதைப் படித்தபோது நான் கணக்கு எழுதிய அரிசி ஆலை ஞாபகம் வந்தது. லோடுமேன்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கூலி வாங்கிப் பங்கு பிரிப்பார்கள். புதிதாக வந்த பையன் ஒருவன் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவான். ரெண்டாம் நாளே பெரியவர் ஒருவர் அவனை நிறுத்தி, "மெதுவாப் போ தம்பி, இப்படி ஓடுனா அடுத்த போகத்துல மூட்டைக் கூலிய கொறச்சுடுவாங்க" என்றார். அவருக்குச் சோம்பல் கிடையாது, முன்பு ஒருமுறை அப்படிக் குறைத்தார்கள், அதை மறக்கவில்லை. முதலாளியோ இது தெரியாமல் சத்தம் போட்டார், பிறகு போனஸ் என்றார். ஷட்டரைத் தூக்கிக்கொண்டே இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சண்டைதான் வளர்ந்தது, இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள்.

ஹார்வுட்டில் வேலை முறையை மாற்றியபோதும் இது நடந்தது. மாற்றத்தை வெறுமனே அறிவித்த குழுவில் முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். மாற்றத்தைத் திட்டமிடும்போதே எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிய குழுக்களில் அந்த நாட்களில் ஒருவர்கூடப் போகவில்லை, உற்பத்தி பழைய அளவைவிடச் சுமார் 14 சதவீதம் கூடியது.

எங்கள் ஆலையில் அந்தப் பேச்சு ஒரு மழை நாளில், எடைமேடை ஓரத்தில் டீ குடிக்கும்போது நடந்தது. பெரியவர் பழைய கூலிக் கதையை முதல்முறையாக முதலாளி முகத்துக்கு நேரே சொன்னார். இந்த சம்பா முடியும்வரை கூலியில் கை வைக்க மாட்டேன் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லி, என் நோட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் வந்த இரண்டு லாரியும் விளக்கு வைப்பதற்குள் காலியானது. பையன் ஓடினான், பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை.