எய்ட்-டி-காம்ப்: உதவியாளரா, அணுக்கரா?

ஆளுநர் விழாக்களில் அவருக்கு ஓரடி பின்னால், தோளில் பொன்னிறக் கயிறு தொங்க விறைப்பாக நிற்கும் இளம் அதிகாரியைப் பார்த்திருப்பீர்கள். ஏ.டி.சி. என்பார்கள். விரித்தால் 'எய்ட்-டி-காம்ப்', பிரெஞ்சுச் சொல். 'எய்ட்' என்றால் உதவி, 'காம்ப்' என்றால் படைமுகாம். நாம் புழங்கும் 'முகாம்' அரபியிலிருந்து வந்தது. நம்முடைய பழைய சொல் பாசறை. ஆக, நேர்ப்பொருள் 'பாசறை உதவியாளர்'.

சிலர் 'மெய்க்காப்பாளர்' என்று எழுதுகிறார்கள். அது தவறு. காவல் இவர் வேலை இல்லை. அந்தக் காலத்தில் தளபதியின் கட்டளைகளை எழுதுவார், களத்தில் குதிரையேறிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார், கடிதப் போக்குவரத்தைப் பார்ப்பார், பெரும்பாலும் அவரோடேயே தங்கி உண்பார். அமெரிக்க விடுதலைப் போரில் தளபதியின் எய்டுகளைச் சேர்த்து 'குடும்பம்' என்றே சொன்னார்கள். 1775 ஜூலையில் புரட்சிப் படையின் தலைமைத் தளபதி வாஷிங்டன் போட்ட உத்தரவுப்படி அவர்களுக்கு அடையாளம், மார்பில் ஒரு பச்சை நாடா.

அந்தக் குடும்பத்தில் இருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பதற்கு டேவிட் சாலிஸ்பரி ஃபிராங்க்ஸைத்தான் சொல்வேன். மாண்ட்ரியலில் வணிகம் செய்த யூதர். அங்குள்ள யூத சபையின் தலைவர். 1775 மே மாதம் அந்த ஊரில் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சிலையை யாரோ அவமதித்தார்கள். செய்தவனைத் தூக்கில் போட வேண்டும் என்று ஒருவர் கொதிக்க, 'இதற்கெல்லாம் இங்கிலாந்தில் தூக்கில் போடுவதில்லை' என்றார் ஃபிராங்க்ஸ். அதற்கே சிறை. அப்புறம் புரட்சிப் படையோடு சேர்ந்தார். 1778இல் பிலடெல்ஃபியாவில் மேஜர் பதவியோடு, புரட்சிப் படைத் தளபதிகளில் ஒருவரான பெனடிக்ட் ஆர்னால்டின் எய்ட் ஆனார்.

1780 செப்டம்பரில் ஆர்னால்ட், வெஸ்ட் பாயின்ட் கோட்டையைக் காட்டிக்கொடுக்கப் பார்த்து, குட்டு வெளிப்பட்டதும் பிரிட்டிஷ் கப்பலுக்கு ஓடிவிட்டார். கப்பலிலிருந்தே வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார்: 'என் குடும்பத்தைச் சேர்ந்த' வாரிக் (இன்னோர் எய்ட்), ஃபிராங்க்ஸ் இருவருக்கும் எதுவும் தெரியாது என்று. துரோகி தரும் நற்சான்று யாருக்கு வேண்டும்? ஃபிராங்க்ஸ் தானே விசாரணை கேட்டார். நவம்பரில் கூடிய குழு, இருவர் மேலும் குற்றமில்லை என்றது. பிறகு அரசு அவரை நம்பி ஐரோப்பாவுக்குத் தூது அனுப்பியது. 1784இல் பிரிட்டனோடு செய்த சமாதான ஒப்பந்தத்தின் ஏற்பு ஆவணப் பிரதி ஒன்றையும் அவரிடம் கொடுத்தனுப்பியது. 1793இல் பிலடெல்ஃபியாவைச் சூறையாடிய மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்.

இந்த வாழ்க்கையை 'உதவியாளர்' என்ற சொல்லுக்குள் அடக்க முடியவில்லை. அதில் வேலை இருக்கிறது, நெருக்கம் இல்லை. தளபதி தவறினால் பக்கத்தில் நின்றவரின் மானமும் போகும் என்ற நிலை அதில் தெரியவே இல்லை. நம்மிடம் 'அணுக்கர்' என்று ஒரு சொல் உண்டு. நெருங்கி நின்று பணிசெய்பவர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு வாயிலின் பெயரே அணுக்கன் திருவாயில். எனவே போர்க்களத்து எய்டைப் 'படை அணுக்கர்' என்றும், ஆளுநரின் ஏ.டி.சி.யை 'அணுக்க அலுவலர்' என்றும் எழுதலாம் என்பது என் விருப்பம். மேஜர் ஃபிராங்க்ஸ், ஆர்னால்டின் படை அணுக்கர்.