சொல் விளக்கம்: ஆல்பம் விமர்சனம்

குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ஏதாவது ஒரு ஸ்டுடியோவில் போய் "ஆல்பம் ரெடியா?" என்று கேட்டால், தடித்த அட்டை போட்ட கல்யாணப் படப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைப்பார்கள். அதே கேள்வியைப் பாட்டுப் பைத்தியம் பிடித்த ஒரு பையனிடம் கேட்டால், போனில் நாலு நிமிஷ வீடியோ ஒன்றை ஓடவிடுவான். சினிமாவில் வராத ஒற்றைப் பாட்டு அது. ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் பேப்பர் இணைப்பில் வரும் 'ஆல்பம் ரிவ்யூ'வோ பத்துப் பன்னிரண்டு பாட்டு சேர்ந்த ஒன்றைப் பற்றியது. சொல் ஒன்று, சரக்கு மூன்று. அதோடு 'விமர்சனம்' என்பதையும் ஒட்டித் தலைப்புப் போட்டால், யாரையோ கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்ற ஆவலோடுதான் பாதிப் பேர் வாசிக்க உட்காருகிறார்கள்.

முதலில் ஆல்பம். லத்தீனில் 'ஆல்புஸ்' என்றால் வெள்ளை. ரோமாபுரியில் வெள்ளையடித்த பலகையில் அரசு அறிவிப்புகளையும் பெயர்ப் பட்டியல்களையும் எழுதிப் பொது இடத்தில் வைப்பார்கள். அந்தப் பலகைக்குப் பெயர் 'ஆல்பும்'. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மாணவர்கள் நண்பர்களிடம் கையெழுத்தும் நாலு வரியும் வாங்கி வைத்த வெற்றுத்தாள் புத்தகத்துக்கு அந்தப் பெயர் போனது. பிறகு தபால்தலை, பிறகு புகைப்படம்.

பாட்டுக்கு அது வந்தது இசைத்தட்டால். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நாலு நிமிஷம்தான் கொள்ளும். நீண்ட இசை என்றால் பல தட்டுகள் வேண்டும். அவற்றை உறை உறையாகச் செருகி, படப் புத்தகம் போலவே கட்டி விற்றார்கள். 1909இல் ஓடியன் கம்பெனி சைக்கோவ்ஸ்கியின் இசைக்கோவை ஒன்றை நாலு தட்டுகளில் அப்படி வெளியிட்டது. 1948இல் கொலம்பியா கம்பெனியின் எல்.பி. தட்டு வந்ததும் அவ்வளவும் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. புத்தகம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

தமிழில் நாம் பெயர் வைத்ததெல்லாம் சுமக்கிற பொருளுக்குத்தான். இசைத்தட்டு, ஒலிநாடா, ஒலிப்பேழை, குறுந்தகடு, ஈழத்தில் இறுவட்டு. எல்லாம் நல்ல சொற்கள். ஆனால் தட்டு வழக்கொழிந்ததும் 'இசைத்தட்டு' நூலகத்துக்குப் போனது. கேசட் கடைகள் மூடியதும் 'ஒலிப்பேழை' அதன் பின்னால் போனது. உள்ளே இருந்த பாட்டுக் கூட்டத்துக்கு நாம் பெயரே வைக்கவில்லை. அந்தக் காலியிடத்தில்தான் ஆல்பம் வந்து உட்கார்ந்தது.

இப்போது 'இசைத்தொகுப்பு' என்று எழுதுகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரு சங்கடம் தவிர. பழைய பாட்டுகளில் இருபதைப் பொறுக்கிப் போட்டாலும் தொகுப்பு, ஒரே பாடகர் ஒரு வருஷம் உழைத்துப் புதிதாகப் பன்னிரண்டு பாட்டு செய்தாலும் தொகுப்பு. மதிப்புரை எழுதுகிறவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். முதலாவதில் பொறுக்கியவரின் ரசனையைப் பேச வேண்டும், இரண்டாவதில் படைத்தவரின் திறனை.

இதற்கு வழி பழைய அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தில் கிடக்கிறது. செய்யுளை அது முத்தகம், குளகம், தொகை, தொடர்நிலை என்று நாலாகப் பிரிக்கிறது. தனியே நின்று பொருள் முடிவது முத்தகம். நம் பையன் போனில் காட்டினானே, அந்த ஒற்றைப் பாட்டு அச்சு அசலாக முத்தகம்தான். (அதை ஆல்பம் என்பது நம் பக்கத்தில் ஊறிவிட்ட பழக்கம். மலையாளத்திலும் சினிமாவுக்கு வெளியே எடுத்த பாட்டு வீடியோவுக்கு ஆல்பம் என்றே பெயர். தனிப்பாடல் என்றால் முடிந்தது.) பல பாட்டுகள் பொருளாலோ இடத்தாலோ காலத்தாலோ அளவாலோ ஒன்றுகூடினால் தொகை. அதை ஒருவரே பாடியிருந்தாலும் தொகை, பலர் பாடியிருந்தாலும் தொகை என்று நூலே சொல்லிவிடுகிறது. ஒரே கதையோ கருத்தோ முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை இழையோடினால் தொடர்நிலை. 'கான்செப்ட் ஆல்பம்' என்று வெள்ளைக்காரர்கள் 20ஆம் நூற்றாண்டில் பெயர் சூட்டிக் கொண்டாடியது இந்தக் கடைசி வகையைத்தான்.

ஆகவே ஆல்பத்துக்குப் பாடல்தொகை என்பதே என் தெரிவு. பாட்டில்லாத வெறும் வாத்திய இசை என்றால் இசைத்தொகை. பழையதைப் பொறுக்கிச் சேர்த்ததற்குத் திரட்டு. அளவால் பெயரிடும் மரபைப் பார்த்தால் எல்.பி.க்கு நெடுந்தொகை, நாலைந்து பாட்டு மட்டும் கொண்ட இ.பி.க்குக் குறுந்தொகை என்றே வைத்திருக்கலாம். அந்த இரண்டு பெயரும் ஏற்கெனவே சங்க இலக்கியம் என்ற பெரிய இடத்தில் பதிவாகிவிட்டதால் விட்டுவிடுவோம்.

அடுத்து விமர்சனம். வடமொழியில் 'விமர்ச' என்பதன் வேர் தொடுதல், தடவிப் பார்த்தல், அதிலிருந்து எண்ணிப் பார்த்தல். திட்டுதல் அதில் எங்குமே இல்லை. ஆனால் தமிழ்ச் செய்தித்தாள் நடை அதை வேறு திசையில் இழுத்துவிட்டது. 'அரசு மீது எதிர்க்கட்சித் தலைவர் கடும் விமர்சனம்' என்ற தலைப்பை நாள்தோறும் வாசிக்கிறவருக்கு, அதே சொல் பாட்டுப் பக்கத்தில் வரும்போது மட்டும் நடுநிலையாக ஒலிக்குமா? குமரி மாவட்டத்தில் இன்னொரு குழப்பமும் சேரும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இலக்கிய விமர்சனத்துக்கு 'நிரூபணம்' என்பார்கள், எழுதுகிறவர் 'நிரூபகன்'. இங்கே நிரூபணம் என்றால் சாட்சி வைத்து மெய்ப்பிப்பது. நிருபர் என்றால் செய்தி அனுப்புகிறவர், கடிதம் என்று பொருள்படும் 'நிருபம்' வழி வந்தவர். இரண்டு மொழிப் பேப்பரும் வாங்குகிற வீட்டில் இதில் தடுக்கி விழ நல்ல வாய்ப்பு உண்டு.

திறனாய்வு அழகான சொல். 'ஆய்' என்ற வேரைப் பாருங்கள். முருங்கைக்கீரையை முறத்தில் பரப்பி, காம்பைக் கிள்ளி, பழுத்த இலையை ஒதுக்கி, பூச்சி இருந்த இலையைத் திருப்பிப் பார்த்து எறிகிறார்களே, அந்த வேலைக்குப் பெயர் ஆய்தல். தொல்காப்பியம் ஆய்தலுக்கு 'உள்ளதன் நுணுக்கம்' என்று பொருள் சொல்லும். இருப்பதையே மேலும் நுணுக்கமாக்குவது. இல்லாததை ஏற்றிச் சொல்வதல்ல. இங்கிலீஷ் 'கிரிட்டிக்' பிறந்த கிரேக்க வினைக்கும் பிரித்தல், தேர்தல் என்பதே மூலப்பொருள். ஆனாலும் முந்நூறு வார்த்தைப் பத்திரிகைக் குறிப்புக்குத் திறனாய்வு கொஞ்சம் பெரிய சட்டை. ஒரு பாடகரின் இருபது வருஷப் பாட்டை எடுத்து வைத்து முப்பது பக்கம் எழுதுகிறவருக்கு அது பொருந்தும்.

பேப்பரில் வருவதற்கு மதிப்புரைதான் சரி. மதித்தல் என்றால் அளவிடுதல், இவ்வளவு பெறும் என்று கணித்தல். கூடவும் சொல்லலாம், குறையவும் சொல்லலாம். நூலுக்கு மதிப்புரை என்பது ஏற்கெனவே நிலைத்த வழக்கு; பாட்டுக்கு நீட்டிக்க வேண்டியதுதான் பாக்கி. அணிந்துரையோடு இதைக் குழப்பக்கூடாது. அணிந்துரை படைப்போடு ஒட்டிக்கொண்டே வருவது, வேண்டியவர் எழுதுவது. மதிப்புரை வெளியே நின்று எழுதுவது.

இந்த இடத்தில் நம்மூர் ஆசான் ஒருவரைச் சொல்லாமல் போகமுடியாது. தொல்காப்பியர் தம் நூலை நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் 'அதங்கோட்டு ஆசாற்கு அரில்தபத் தெரிந்து' காட்டினார் என்கிறது சிறப்புப் பாயிரம். அரில் என்றால் சிக்கல், குற்றம். விளவங்கோடு பக்கத்து அதங்கோடுதான் அந்த ஊர் என்று குமரிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் ஆசான் செய்தது மதிப்புரை அல்ல, அரங்கேற்றத்தில் கேட்டது. அவர் பேசியது நூல் செய்தவரோடு. குற்றம் இருந்தால் அங்கேயே திருத்தலாம். பத்திரிகைக்காரர் வருவது பாட்டு வெளியான பிறகு. அவர் பேசுவது கேட்கப்போகிறவரோடு. நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழில் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969இல் தொடங்கிய பாட்டு மதிப்புரைப் பத்திக்கு 'நுகர்வோர் வழிகாட்டி' என்ற பொருளில் பெயர் வைத்தார். காசு கொடுத்து வாங்கலாமா வேண்டாமா, அதுதான் கேள்வி என்பதில் ஒளிவுமறைவே இல்லை. பள்ளிக்கூடத்தில் போடுவது போல ஏ, பி, சி என்று எழுத்தும் போட்டார்.

மார்க் போடுவது நமக்குப் புதிதல்ல. ஆனந்த விகடன் சினிமாவுக்கு நூற்றுக்கு இத்தனை என்று போட்டது ஊரறிந்தது. என்றாலும் எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. குலசேகரம் பக்கத்து ரப்பர் கடையில் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து, குமிழி இருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று கண்டு ஆர்.எஸ்.எஸ். 4 என்று (புகையில் உலர்த்திய ஷீட்டுக்கான தரக் குறி அது) தரம் சொல்லலாம். எந்தக் கடையில் காட்டினாலும் அநேகமாக அதே தரம்தான் வரும். பாட்டுக்கு மூன்றரை நட்சத்திரம் என்றால் அந்த அரை எதில் குறைந்தது? அதை விளக்கத்தான் கீழே உரை. நட்சத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களே அதிகம்.

தமிழ்ப் பேப்பர்களில் பாட்டுக்கு மதிப்புரை என்பது இன்னும் காலூன்றாததற்குக் காரணம் உண்டு. கச்சேரிக்கு நம்மிடம் பலமான மரபு இருக்கிறது. 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதியதும், பின்னாளில் இசை விமர்சகர் சுப்புடுவின் பேனாவுக்கு வித்வான்கள் பயந்ததும் தெரிந்த கதை. வெகுஜனப் பாட்டு மட்டும் சினிமா விமர்சனத்தின் கடைசிப் பத்தியில் ஒற்றை வரிக்குள் அடங்கிவிடும்: 'பாடல்கள் தாளம் போட வைக்கின்றன.' எந்தப் பாட்டு, எந்தத் தாளம் என்று கேட்கக்கூடாது.

அதைவிடக் குழித்துறைச் சாயாக்கடையில் நடப்பது மேல். "அண்ணே, புதுப் பாட்டு எப்பிடி உண்டு?" "கொள்ளாம்." மலையாளத்தோடு நாம் பங்குபோட்டுக்கொண்ட சொல். கொள் என்றால் ஏற்றுக்கொள், வாங்கிக்கொள். கொள்ளாம் என்றால் ஏற்கலாம். 'ஆய்ந்தாய்ந்து கொள்ளாதான் கேண்மை' என்ற குறளில் ஆய்தலும் கொள்ளலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முகத்தைச் சுளித்துக்கொண்டு இழுத்துச் சொன்னால் அதே கொள்ளாம், பரவாயில்லை என்ற இடத்துக்கு இறங்கிவிடும். எழுத்தில் அந்த இழுப்பு வராது, காரணம் சொல்லியாக வேண்டும்.

ஆக, பேப்பரில் தலைப்பு 'பாடல்தொகை மதிப்புரை'. எழுதுகிறவர் மதிப்புரையாளர். இடம் போதாது என்று உதவி ஆசிரியர் 'பாடலை' வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் 'தொகை மதிப்பு' என்று வந்தால் பேங்கில் நகை வைத்தவர்கள்தான் முதலில் வாசிப்பார்கள்.