அலுமினியத்துக்கு வலிமை தண்ணீரில் முக்கி எடுத்த பிறகுதான் வருகிறது

பழுக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் முக்கினால் உடனே கெட்டியாகிவிடும். அலுமினியக் கலப்புலோகத்தையும் அப்படி முக்குவதுண்டு என்றதும் அங்கேயும் அதுதான் நடக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. தண்ணீரிலிருந்து எடுத்த கையோடு அது மென்மையாகத்தான் இருக்கும், வளைக்கலாம், தட்டி உருவம் கொடுக்கலாம். 1906-ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம், செம்பும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தார். அறை வெப்பத்தில் சும்மா கிடந்த அந்தத் துண்டு, சில நாள் கழித்து அளந்தபோது முன்பைவிடக் கடினமாகியிருந்தது. டியூராலுமின் என்ற வலிமையான அலுமினியக் கலப்புலோகம் அப்படித்தான் பிறந்தது.

காரணம் செம்பு கரையும் விதத்தில் இருக்கிறது. 548 டிகிரி செல்சியஸில் திட அலுமினியத்துக்குள் எடையில் 5.65 சதவீதம் வரை செம்பு கரையும். அறை வெப்பத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே கரையாது. மெதுவாக ஆறவிட்டால் செம்பு அணுக்கள் சாவகாசமாக வெளியேறிப் பெரிய பெரிய துகள்களாகத் திரண்டுவிடும், அதனால் வலிமைக்குப் பெரிய லாபமில்லை. சட்டென்று குளிர்வித்தால் வெளியேற நேரமில்லாமல் அப்படியே உள்ளே மாட்டிக்கொள்ளும். கூடவே இன்னொன்றும் மாட்டிக்கொள்கிறது, எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடமே அதுதான்: சூட்டில் படிக அடுக்குக்குள் உண்டாகும் காலி இடங்கள். அணு நகர வேண்டுமென்றால் பக்கத்தில் காலி இடம் வேண்டுமே! அந்த உபரி காலி இடங்கள் இருப்பதால்தான் அறை வெப்பத்தில்கூட செம்பு அணுக்கள் மெல்ல நகர்ந்து, ஓரிரு அணு தடிமனுள்ள நுண்ணிய தட்டுகளாகச் சேர்கின்றன. சாதாரண நுண்ணோக்கிக்கு அவை தெரியாது. 1938-ல் பிரான்சில் கினியே, பிரிட்டனில் பிரஸ்டன் என்ற இரு ஆய்வாளர்களும் தனித்தனியே எக்ஸ் கதிர்களை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

சரி, இந்தத் தட்டுகளால் எப்படி வலிமை கூடுகிறது? உலோகம் வளையும்போது அணு அடுக்குகள் மொத்தமாகச் சறுக்குவதில்லை, டிஸ்லொகேஷன் எனப்படும் கோடு போன்ற குறைபாடுகள் படிகத்துக்குள் நகர்கின்றன, இந்தத் தட்டுகளைப் போல உள்ளே திரளும் துகள்கள் (இவற்றை வீழ்படிவு என்பார்கள்) அவற்றை மறிக்கின்றன. துகள் மிகச் சிறிதாக இருந்தால் டிஸ்லொகேஷன் அதை வெட்டிக்கொண்டு போய்விடும். பெரிதாகி, ஒன்றுக்கொன்று தள்ளிப் போய்விட்டால் நடுவே வளைந்து நழுவிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில்தான் உச்ச வலிமை. அதைப் பிடிக்கத்தான் மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த 6061 என்ற அலுமினிய ரகத்தை 160–175 டிகிரியில் பல மணி நேரம் வைக்கிறார்கள். மென்மையாக்கிய நிலையில் சுமார் 55 மெகாபாஸ்கல் (பரப்பின் மீதான விசையின் அலகு) சுமையிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கும் அது, இதன்பின் சுமார் 275 வரை தாங்குகிறது.

குளிர்விக்கும் வேகத்தில் சமரசம் செய்யத்தான் வேண்டியிருக்கிறது. 7075 போன்ற துத்தநாக ரகங்களில் தடிமனான தகட்டின் நடுப்பகுதி 400 முதல் 290 டிகிரி வரையிலான இடைவெளியை மெதுவாகக் கடந்தால், வீழ்படிவு, உலோகத்திலுள்ள சிறு படிகங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் முன்கூட்டியே திரண்டு, வலிமையும் போய், அரிப்பும் எளிதாகிவிடும். ரொம்ப வேகமாகக் குளிர்வித்தால் வெளிப்புறமும் உட்புறமும் ஒரே சீராகச் சுருங்காமல் உள்ளே இறுக்கம் தங்கி, பிறகு இயந்திரத்தில் கடைந்து செதுக்கும்போது பாகம் கோணிப்போகும். அதனால்தான் சில பாகங்களுக்கு வெந்நீரோ பாலிமர் கலந்த நீரோ பயன்படுத்துகிறார்கள்.

விமானத் தகடுகளை இணைக்கும் சில ரிவெட் ஆணிகளைக் குளிர்வித்த கையோடு உறைபெட்டியில் போட்டு வைப்பதும், அறை வெப்பத்திலேயே அவை மெல்ல இறுகிவிடும் என்பதால்தான். குளிரில் அணுக்கள் நகர்வது கிட்டத்தட்ட நின்றுவிடும், ரிவெட் அடிக்கும்வரை மென்மை போகாது, அடித்த பிறகு அந்த இடத்திலேயே தானாக இறுகிக்கொள்ளும்.