"குழப்பமொன்னும் இல்லா" என்று சொன்னால் கியர் பாக்ஸைக் கேளுங்கள்

செங்கோட்டையில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பழைய கார்களில் பாதி கே.எல். நம்பர், அதாவது கேரள வண்டிதான். புளியரை தாண்டினால் ஆரியங்காவு, அப்புறம் புனலூர். அங்கே போய் செகண்ட் ஹேண்ட் வண்டி எடுத்து வருவது இந்தப் பக்கம் சாதாரணம். விற்கிறவர் "குழப்பமொன்னும் இல்லா" என்பார். மலையாளத்தில் குழப்பம் என்றால் கோளாறு. நம் ஆட்கள் பானட்டைத் திறப்பார்கள், டயரை உதைப்பார்கள், பெயின்ட்டைத் தடவுவார்கள். கியர் பாக்ஸை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால்தான் பார்க்க வேண்டும்.

2019-ல் கடையநல்லூர் வாத்தியார் ஒருவர் டீசல் கார் ஒன்றை ஓட்டி வந்தார். "அண்ணாச்சி, வண்டி வெண்ணெ மாதிரி போகுது. நியூட்ரல்ல நின்னா மட்டும் ஒரு ரீங்காரம் கேக்கு" என்றார். கிளட்சை மிதித்தேன், சத்தம் நின்றது. காலை எடுத்தேன், திரும்ப வந்தது. அப்படியென்றால் கோளாறு கியர் பாக்ஸுக்குள், இன்ஜின் சுழற்சியை உள்ளே கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங்கில். (மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.) டிரெயின் நட்டைக் கழற்றினால் ஆயில் தேன் நிறத்தில் புத்தம்புதுசாக இறங்குகிறது. 40,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்குக் கியர் ஆயிலை எதற்கு மாற்றினார்கள்? பாக்ஸை இறக்கியதும் விடை கிடைத்தது. பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) மூலையில் காய்ந்த வண்டல், பேரிங் குண்டுகளில் துருப் புள்ளிகள். 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளம் ஞாபகம் இருக்கிறதல்லவா? கியர் பாக்ஸ் மூச்சுவிட மேலே ஒரு சின்னத் துளை உண்டு. வண்டி முழுகினால் தண்ணீர் அது வழியாகவும் உள்ளே போகும். ஆயிலை மாற்றாமல் விட்டிருந்தால் பால் ஊற்றிய டீ மாதிரி வந்திருக்கும், வாங்கும்போதே பிடித்திருக்கலாம். மாற்றியவர் விவரமானவர்.

வண்டி பார்க்கப் போகுமுன் போனில் சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று. போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஓட வைத்திருக்கலாம். ஏ.சி., பாட்டு இரண்டையும் நிறுத்துங்கள். குளிர்ந்த வண்டியில் செகண்ட் கியர் கொஞ்சம் இறுக்கமாக விழுந்தால் தப்பில்லை. 'கர்ர்' என்று அரைத்தால் சின்க்ரோ, அதாவது பற்கள் உரசாமல் கியர் விழ வேகத்தைச் சமப்படுத்தும் வளையம், தேய்ந்துவிட்டது. ரிவர்ஸ் வேறு கதை. பல வண்டிகளில் அதற்குச் சின்க்ரோவே கிடையாது, முழுசாக நிற்குமுன் போட்டால் அரைக்கத்தான் செய்யும்.

கிளட்சுக்கு ஒரு சோதனை. சமதரையில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை இழுத்து மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே நின்றால் கிளட்ச் பிளேட் முடிந்த கதை. ஒருமுறை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் கருகிவிடும்.

என்னைக் கேட்டால், இதையெல்லாம்விட மலைதான் பெரிய மெக்கானிக். புளியரை எஸ் வளைவில் ஏறும்போது ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. எங்கள் பக்கத்து ஓட்டுநர்கள் ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சிலேயே (பெடலைப் பாதி மிதித்தபடி) வண்டியை நிறுத்தி வைப்பார்கள், பிளேட் எப்படித் தாங்கும்? இறங்கும்போது செகண்ட் கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், கியர் ராடிலிருந்து கையையும் எடுங்கள். ராட் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால், எத்தனை ஆயிரம் குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. வண்டி என்றால் கிளட்ச் பெடல் இல்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். உள்ளே இருப்பது அதே கிளட்ச், அதே கியர் பாக்ஸ்தான். மிதிப்பது மட்டும் நாம் இல்லை. சி.வி.டி., டி.சி.டி. என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக் வண்டிகளை ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் நானே வாய் திறக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு தம்பி புனலூருக்கு வண்டி பார்க்கப் போனான். மலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றதும், "அதெந்தினா, இவிடெ ஓடிச்சா போரே?" என்றாராம் விற்கிறவர், இங்கே ஓட்டினால் போதாதா என்று. தம்பி அட்வான்ஸ் கொடுக்காமல் பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டான்.