இக்கரை சிஸ், அக்கரை டிரான்ஸ்

வேதியியல் வகுப்பில் 'சிஸ்', 'டிரான்ஸ்' என்று மனப்பாடம் செய்தவர்கள், உயிரியல் வகுப்பில் 'சிஸ்ட்ரான்' என்ற சொல்லையும் கடந்து வந்திருப்பார்கள். முன்னவை இரண்டையும் ஒட்டவைத்துச் செய்த சொல்தான் பின்னது என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

இரண்டுமே லத்தீன். சிஸ் என்றால் இந்தப் பக்கம், டிரான்ஸ் என்றால் அந்தப் பக்கம். நமக்கு இன்னும் சுலபம்: இக்கரை, அக்கரை.

சரி, வேதியியலில் ஆறு எது? இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு. ஒற்றைப் பிணைப்பு அச்சாணி மாதிரி, சுழல விடும். இரட்டைப் பிணைப்பு விடாது. அதனால் அதன் இரு முனைகளிலும் தொங்கும் அணுத் தொகுதிகள் ஒரே கரையில் நின்றால் சிஸ், எதிரெதிர்க் கரையில் நின்றால் டிரான்ஸ்.

கடலை எண்ணெயில் நிறைய இருக்கும் ஒலீயிக் அமிலம் சிஸ் வகை. அதன் 18 கார்பன் சங்கிலி நடுவில் வளைந்திருக்கும். கோணல் விறகைக் கட்டாக அடுக்க முடியாதல்லவா? அதனால் சுமார் 13 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, ஆனால் டிரான்ஸ் என்றால் அது எலைடிக் அமிலம். சங்கிலி கிட்டத்தட்ட நேராகி, நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். உருக சுமார் 45 டிகிரி வேண்டும். எண்ணெயை ஹைட்ரஜனோடு சேர்த்து அரைகுறையாகக் கெட்டியாக்கும்போது சில சிஸ் பிணைப்புகள் இப்படிப் புரண்டுவிடுகின்றன. வனஸ்பதியோடு சேர்த்துப் பேசப்படும் டிரான்ஸ் கொழுப்பு இதுதான். எண்ணெயிலும் கொழுப்பிலும் இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் 2022 முதல் விதி இருக்கிறது.

மரபியலில் ஆறு வேறு. குரோமோசோம்கள் ஜோடியாக இருக்கின்றன, தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. இரண்டு மரபணுப் பிழைகள் ஒரே குரோமோசோமில் இருந்தால் சிஸ். ஒன்றுக்கு ஒன்றாகப் பிரிந்திருந்தால் டிரான்ஸ். பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸில் அமெரிக்க விஞ்ஞானி சீமோர் பென்சர் இதையே சோதனையாக்கினார். வெவ்வேறு பிழை கொண்ட இரண்டு வைரஸ்களை ஒரே பாக்டீரியாவுக்குள் விட்டால், அதாவது பிழைகள் டிரான்ஸ் நிலையில் இருந்தால், என்ன ஆகும்? பிழைகள் வெவ்வேறு மரபணுக்களில் என்றால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும், வைரஸ் பெருகும். ஒரே மரபணுவில் என்றால் பெருகாது. இப்படி ஈடுகட்ட முடியாத ஒரு டி.என்.ஏ. துண்டுக்குத்தான் 1957-இல் சிஸ்ட்ரான் என்று பெயர் வைத்தார்.

இது ஆய்வகத்தோடு முடிகிற சங்கதி அல்ல. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் ஆல்ஃபா என்ற புரதச் சங்கிலிக்கு நம்மிடம் நான்கு மரபணுக்கள், 16-ஆம் குரோமோசோம் ஒவ்வொன்றிலும் இரண்டு. அவற்றில் இரண்டு இல்லாமல் போனால் லேசான ரத்தசோகை, அவ்வளவுதான். ஆனால் எந்த இரண்டு? தென்கிழக்கு ஆசியாவில் ஒரே குரோமோசோமில் இரண்டும் இல்லாத சிஸ் வகை பரவலாக இருக்கிறது. இந்தியாவில் அதிகம் காண்பது டிரான்ஸ் வகை. கணவன், மனைவி இருவரும் டிரான்ஸ் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு நல்ல மரபணு வந்துவிடும். பிள்ளையும் பெற்றோர் மாதிரியே லேசான சோகையோடு இருக்கும். இருவரும் சிஸ் என்றால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, நான்கு மரபணுவும் இல்லாமல் போக. அந்தக் கரு பெரும்பாலும் வயிற்றிலேயோ பிறந்த சிறிது நேரத்திலோ இறந்துவிடும். இந்த இருவகைப் பெற்றோரும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரிவார்கள். எந்தக் கரை என்று பார்க்க மரபணுப் பரிசோதனைதான் வேண்டும்.