பல்டி அடிக்கத் தெரியும், கால்விரல் பக்கம் சாயத் தெரியாது

போன பருவத்தில் ஒருவர் பயிற்சிக்கு வந்தார். மூன்று வருடமாக வேக்போர்டு ஓட்டுகிறார், அதாவது படகு இழுக்க, இரு கால்களும் கட்டிய ஒரு பலகையில் பக்கவாட்டில் நின்று தண்ணீரில் சறுக்குகிறார். படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய், படகு கிளப்பும் அலையில் ஏறி, பின்பக்கமாகப் பல்டி அடித்து இறங்குவார். டான்ட்ரம் என்று அதற்குப் பெயர். பத்துக்கு ஏழு முறை விழாமல் நின்றுவிடுவார். அடுத்து 360 வேண்டும் என்றார்: காற்றில் ஒரு முழுச்சுற்று, நடுவில் முதுகுக்குப் பின்னால் கயிற்று முனையின் ஹேண்டிலைக் கை மாற்ற வேண்டும். சரி, முதலில் எந்த வித்தையும் செய்யாமல் சும்மா ஓட்டிக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் படகில் உட்கார்ந்து பார்த்தேன். குதிகால் பக்கம் சாய்ந்து அலையைத் தாண்டிப் போனது பார்க்கவே அழகாக இருந்தது. திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. கால்விரல் பக்கம் சாய வேண்டிய இடத்தில் மனிதர் இடுப்பை மடித்து, பின்பக்கத்தைத் தூக்கி, தண்ணீருக்கு வணக்கம் வைப்பது போல ஊர்ந்து வந்தார்.

படகில் ஏறியதும் அவரே கேட்டுவிட்டார். "அதையெல்லாம் இனிமே முதல்லேருந்து கத்துக்கணுமா சார்?"

வருடத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். விட்டுப்போனவற்றில் உங்களை இப்போது தடுத்துக்கொண்டிருப்பது எதுவோ, அதைக் கண்டுபிடித்து அதை மட்டும் எடுங்கள். எடுத்தால் அரைகுறையாக விடாதீர்கள்.

இவ்வளவு தூரம் வந்த ஒருவருக்கு அடிப்படை எப்படி விட்டுப்போகும் என்று வெளியாட்களுக்கு வியப்பாக இருக்கும். எங்களுக்கு இல்லை. குதிகால் பக்கம் சாய்வது நாற்காலியில் உட்காருவது மாதிரி. கயிறு எதிரே இழுக்கிறது, நீங்கள் பின்னால் சாய்கிறீர்கள், இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. விரல் பக்கம் அப்படி இல்லை. முகம் பார்க்கும் திசையிலேயே சாய வேண்டும், கயிறோ முதுகுப் பக்கமாக இழுக்கிறது. முகங்குப்புற விழப்போகிறோம் என்று உடம்பு பதறி இடுப்பில் மடங்கிவிடும். அதனால் பலர் ஒரு பக்கத்தை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டு, மறுபக்கத்தைத் திரும்பி வருவதற்கான வழியாக மட்டும் வைத்திருக்கிறார்கள். டான்ட்ரத்துக்கு அந்த ஒரு பக்கமே போதும். போதிய வேகமும், தலையைப் பின்னால் எறியும் துணிச்சலும் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். தவிர, படகில் இருக்கும் நண்பர்கள் பல்டிக்குத்தான் கை தட்டுவார்கள். சுத்தமான ஒரு திருப்பத்துக்கு யாரும் கை தட்டி நான் பார்த்ததில்லை.

விட்டுப்போகும் அடிப்படைகளில் பெரியது சாய்வை வளர்ப்பது. அலையை நோக்கி வரும்போது போர்டின் விளிம்பைத் தண்ணீரில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை ஒரே அளவில் வைக்கக் கூடாது. தொலைவில் மெதுவாகத் தொடங்கி, அலை நெருங்க நெருங்கக் கூட்டிக்கொண்டே போய், அலையின் உச்சியைப் போர்டு விடும்வரை அழுத்தம் குறையக் கூடாது. அப்போதுதான் கயிறு விறைக்கும். விறைத்த கயிறும் அலையின் சரிவும் சேர்ந்து ஆளை மேலே எறியும். இந்த எகிறலைத்தான் பாப் என்கிறோம். அது காலால் உந்திக் குதிப்பதிலிருந்து கிடைப்பதில்லை. அலையில் ஏறும்போது முழங்காலை அளவாக விறைத்து நிமிர்ந்து நின்றாலே போதும்.

பழகாதவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்வார்கள். தொலைவிலேயே முழு வேகத்தில் வெட்டிக்கொண்டு வருவார்கள். அலையின் அடிவாரத்துக்கு வந்ததும் பயத்தில் போர்டைத் தட்டையாக்கிவிடுவார்கள். அந்த நொடியே கயிறு தளர்ந்துவிடும், எகிறல் வராது. அதை ஈடுகட்ட இன்னும் தொலைவிலிருந்து இன்னும் வேகமாக வருவார்கள். இப்படியும் காற்றில் போகலாம். உயரம் கிடைக்காது, நீளம்தான் கிடைக்கும். படகு இரு பக்கமும் கிளப்பும் அலைகளில் மறுபக்கத்து அலையின் இறக்கத்தில் சறுக்கி இறங்க வேண்டியவர், அதைத் தாண்டிச் சமதளத் தண்ணீரில் சப்பென்று விழுவார்.

இதனோடு ஒட்டியதுதான் ஹேண்டில் பிடிக்கும் இடம். அது இடுப்போடு ஒட்டி இருக்க வேண்டும். கை நீண்டுவிட்டால் இழுவை தோளுக்குப் போய் மேலுடம்பை முன்னால் சாய்க்கும், போர்டின் விளிம்பு தானாகத் தட்டையாகிவிடும். பல்டியில் இந்தத் தவறு ஓரளவு மறைந்துவிடுகிறது. 360-இல் மறையாது. நீட்டிய கையோடு சுற்றினால் ஹேண்டில் முதுகுக்குப் பின்னால் எட்டாத தூரத்தில் இருக்கும், கயிறு அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொள்ளும். அந்த மாணவர் சுற்றத் தெரியாமல் திணறவில்லை. ஹேண்டில் அவருடைய இடுப்புக்கு ஒருநாளும் வந்ததே இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது ஸ்விட்ச், அதாவது பழக்கமில்லாத காலை முன்னால் வைத்து ஓட்டுவது. இடது கால் முன்னால் இருந்தால் ரெகுலர், வலது கால் என்றால் கூஃபி. எதுவாக இருந்தாலும் மறுபக்கமும் பழக வேண்டும். ஆரம்ப காலப் போர்டுகளுக்கு முன், பின் என்று திட்டமான வேறுபாடு இருந்தது. 1993-இல் ஜிம்மி ரெட்மன் இரு முனையும் ஒரே வடிவத்தில் இருக்கும் போர்டைக் கொண்டுவந்த பிறகு, எந்தக் கால் முன்னால் போனாலும் போர்டுக்கு ஒன்றுதான். 180 பாகை சுற்றி இறங்கினால் நீங்கள் ஸ்விட்ச்சில்தான் இருப்பீர்கள். அதில் நிற்கத் தெரியாதவர் காற்றில் எவ்வளவு அழகாகச் சுற்றினாலும் இறங்கிய அரை நொடியில் விளிம்பு மாட்டிக் கவிழ்வார். வித்தை வரவில்லை என்று நொந்துகொள்வார். அவருக்கு வித்தை வந்துவிட்டது. அதற்கப்புறம் எப்படி ஓட்டுவது என்பதுதான் வரவில்லை.

கேபிள் பார்க்கில், அதாவது படகுக்குப் பதிலாக மேலே ஓடும் கம்பி ஆளை இழுக்கும் இடத்தில், கற்றுவிட்டுப் படகுக்கு வருகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். கேபிளில் இழுவை பல மீட்டர் உயரத்திலிருந்து வருகிறது, ஆளைக் கொஞ்சம் தூக்கியும் கொடுக்கிறது. படகில் அந்த உதவி பெரும்பாலும் போய்விடும். கேபிளில் பிரமாதமாக ஓட்டிய ஒரு பெண் படகின் பின்னால் முதல் நாள் சாதாரணத் தாவல்கூட வராமல் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். அவர் எந்தப் பாடத்தையும் தாண்டிக் குதிக்கவில்லை. அவர் கற்ற இடத்தில் அந்தப் பாடம் அவ்வளவு தேவைப்படவில்லை. அதைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு வாரம்தான் ஆனது.

இனி, இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். முன்னேற்றம் நின்றுபோவது பெரிய துயரம் இல்லை. விளையாட்டுதானே. ஆனால் அடிப்படையில் உள்ள ஓட்டையை வேகத்தால் அடைக்கும்போது அந்தக் கணக்கு உடம்பில் ஏறுகிறது. பனிச்சறுக்குக் கட்டையில் விழும்போது கால் கழன்றுகொள்ளும்படி பைண்டிங், அதாவது காலைக் கட்டும் பிடி, இருக்கும். வேக்போர்டில் பொதுவாக அப்படி இல்லை, இரு கால்களும் ஒரே பலகையில் கட்டப்பட்டிருக்கும். சமதளத் தண்ணீரில், கால் விறைத்த நிலையில் இறங்கினால் மொத்த அடியும் முழங்காலுக்குப் போகும். முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழிவது இந்த விளையாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அறுவை சிகிச்சை செய்துகொண்டால் திரும்பி வர ஒன்பது மாதமோ ஒரு வருடமோ ஆகும். விளிம்பு மாட்டிக் கவிழும்போது தலை சாட்டை மாதிரி தண்ணீரில் அடிபடுகிறது. மூளை அதிர்ச்சியும் செவிப்பறைக் கிழிசலும் அப்படித்தான் வருகின்றன. ஹேண்டிலை விடாமல் தொங்குகிறவர்களுக்குத் தோள் நழுவுகிறது.

ஆகவே ஒரு அடிப்படை மட்டும் யாருக்கும் விலக்கில்லாதது: விழுவது. தப்பாகப் போகிறது என்று தெரிந்த நொடியில் ஹேண்டிலை விட வேண்டும், கைகளை உடம்போடு சேர்க்க வேண்டும், தண்ணீரைத் தடுக்கக் கையை நீட்டக் கூடாது. மூன்று வருடம் ஓட்டியவர்களிலும் பாதிப் பேர் கடைசிவரை ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு எப்படியாவது காப்பாற்றப் பார்க்கிறார்கள். காப்பாற்றியும் விடுகிறார்கள், அதுதான் வம்பு.

என் முழங்கால் போனதும் அப்படித்தான். பயிற்றுநர் ஆன பிறகு நடந்தது என்பதால் சொல்லவே வெட்கமாக இருக்கும். ஸ்விட்ச்சில் விரல் பக்கம் எனக்கு வராது. வராது என்று யாருக்கும் தெரியாதபடி ஓட்டக் கற்றிருந்தேன். ஒருநாள் சுற்றி இறங்கியதும் அந்தப் பக்கமே சாய வேண்டி வந்தது. சாயவில்லை, போர்டு வழுக்கிற்று, ஹேண்டிலையும் விடவில்லை. பத்து மாதம் கரையில் உட்கார்ந்திருந்தேன்.

எப்படித் திரும்பக் கற்பது? முதலில் நிலைமையை எளிதாக்குங்கள். பழகியவர்கள் வழக்கமாக மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில், 20 முதல் 23 மீட்டர் கயிற்றில் ஓட்டுவார்கள். வேகத்தை 30-க்குக் கொண்டுவாருங்கள். கயிற்றை 17 மீட்டருக்குச் சுருக்குங்கள், இரண்டு அலைகளுக்கும் நடுவே உள்ள தூரம் குறையும். படகில் எடைக்காக ஏற்றியிருக்கும் தண்ணீரை இறக்கினால் அலையும் சிறுக்கும். இதைச் சொன்னதும் பலருக்கு முகம் மாறும். குழந்தைகளுக்கான அமைப்பு ஆயிற்றே இது என்பார்கள். ஆமாம், அதற்குத்தான்.

அப்புறம் குதிக்காதீர்கள். விரல் பக்கம் சாய்ந்து, முழங்காலை முன்னால் தள்ளி, இடுப்பை ஹேண்டிலுக்குக் கொண்டுவந்து, அலையை வெறுமனே கடந்து போங்கள். அலையின் உச்சியிலும் விளிம்பு தண்ணீரை விடக் கூடாது. இருபது தடவை அப்படியே வந்த பிறகு ஒற்றை அலைத் தாவல், அப்புறம் இரண்டு அலைகளையும் தாண்டுவது. ஸ்விட்ச்சுக்கு, தண்ணீரிலிருந்து எழும்போதே மாற்றுக்காலை முன்னால் வைத்து எழுந்து பழகுங்கள். கரையில் ஒரு கம்பத்தில் கயிற்றைக் கட்டி ஹேண்டிலைப் பிடித்து நின்று சாய்ந்து பார்ப்பதும் உதவும். கேலியாகத் தோன்றும், ஆனால் இடுப்பு மடங்குவதைத் தண்ணீரில் உணர முடியாதவர்கள் கரையில் உணர்ந்துவிடுவார்கள். படகிலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து நின்றதாக நீங்கள் சத்தியம் செய்வீர்கள், படம் வேறு சொல்லும்.

முதல் நான்கைந்து தடவை எல்லாமே மோசமாகும், பழைய டான்ட்ரமும் சேர்த்து. இரண்டு விரலால் வேகமாகத் தட்டச்சு செய்தவர் பத்து விரலுக்கு மாறும்போது கடிதம் எழுதவே அரை நாள் ஆகுமே, அது மாதிரி. பழைய பழக்கம் அழிந்துவிடாது. புதியது அதன் பக்கத்தில் வளர வேண்டும். களைப்பிலும் பயத்திலும் பழையதுதான் முந்திக்கொண்டு வரும். அதனால் தண்ணீரில் இறங்கிய முதல் பத்து நிமிடம், உடம்பு புதிதாக இருக்கும்போதே, அடிப்படைக்கு. கடைசியில் உங்களுக்குப் பிடித்த ஒரு வித்தை. இதை விட்டுவிட்டால் மூன்றாம் வாரம் யாரும் வரமாட்டார்கள். என் மாணவர்களிடம் பட்டுத் தெரிந்துகொண்டது.

எல்லோருக்கும் இது தேவையா என்றால், இல்லை. வருடத்தில் நாலு நாள் தண்ணீருக்குப் போகிறீர்கள், இரண்டு தாவல் போதும், வேகத்தையும் கூட்டப்போவதில்லை என்றால் விழக் கற்றுக்கொண்டு சந்தோஷமாக ஓட்டுங்கள். விட்டுப்போன பாடத்தைத் தேடி வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒரே வித்தையில் ஆறு மாதமாக முட்டிக்கொண்டிருப்பவர்களும், ஒவ்வொரு முறை இறங்கும்போதும் முழங்கால் முனகுகிறவர்களும், தாண்ட முடியாததற்குப் படகின் வேகத்தைக் கூட்டச் சொல்கிறவர்களும்தான் நின்று யோசிக்க வேண்டும். கடைசி ரகம்தான் எனக்கு மிகவும் பயம்.

அந்த மாணவர் ஒப்புக்கொண்டார், முழு மனதாக அல்ல. இரண்டாம் வாரம் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்தார், காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறாம் வாரம் சிறிய அலையில், சுருக்கிய கயிற்றில், விரல் பக்கமாக இரண்டு அலையையும் தாண்டி இறக்கத்தில் சத்தமே இல்லாமல் இறங்கினார். இறங்கியது அவருக்கே தெரியவில்லை, அடுத்த திருப்பத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். படகு நின்றதும் நீந்தி வந்து, "கயிறை நீட்டலாமா சார், 360 பார்க்கலாம்" என்றார். இன்னும் இரண்டு வாரம் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன்.